விரல் துடித்தால், தாடை அமுங்கினால்: இரைப்பூச்சியின் கல்சியம் எங்கே தடைபடுகிறது?

பூச்சி தின்னும் வளர்ப்புப் பல்லிகளின் தொட்டிக்குப் பக்கத்தில் கல்சியம் டப்பா இருக்கும். இரைமேல் தூவும் தூளும் மாதாமாதம் குறைந்துகொண்டுதான் வரும். அப்படியிருந்தும் லெப்பர்ட் கெக்கோக் குட்டியின் விரல் துடிக்கும், பியர்டட் டிராகனின் தாடை ரப்பர்போல அமுங்கும். தூள் போதவில்லை என்று நினைத்து இன்னுமொரு கரண்டி அள்ளிப் போடுவதுதான் அநேகமானோர் செய்வது. ஆனால் குறை பெரும்பாலும் தூளின் அளவில் இருப்பதில்லை. டப்பாவிலிருந்து எலும்புவரை போகும் வழியில் எங்கோ ஓரிடத்தில் அடைப்பு இருக்கும். அந்த இடத்தை, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியிலிருந்து பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிப்பதற்கானது இந்த வழிமுறை.

வழியில் நான்கு இடங்கள் உண்டு. இரைப்பூச்சியின் வயிற்றில் என்ன இருக்கிறது. அதன் உடம்பில் தூள் ஒட்டி நிற்கிறதா. விலங்குக்கு விற்றமின் டி3 எங்கிருந்து கிடைக்கிறது. செரிப்பதற்கு வேண்டிய சூடு இருக்கிறதா. இந்த நான்கில் ஒன்று அறுந்தாலும் மற்ற மூன்றும் வீணாகலாம்.

கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எல்லாம் விளங்கும். வீட்டுச் சில்வண்டு (கிரிக்கெட் பூச்சி) ஒரு கிராமில் ஏறத்தாழ 0.4 மில்லிகிராம் கல்சியமும் 3 மில்லிகிராம் பொசுபரசும் இருக்கின்றன. மீல்வேர்ம் என்ற வண்டுப்புழுவில் கல்சியம் 0.17, பொசுபரசு 2.85. ஊர்வனவுக்கு வேண்டியது இதற்கு நேர்மாறு: பொசுபரசு ஒரு பங்கு என்றால் கல்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு. பொசுபரசு மிஞ்சிய இரையையே தின்றுவந்தால் இரத்தத்தில் கல்சியம் இறங்கும். உடனே பராதைரொயிட் சுரப்பி எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து இரத்தத்துக்கு அனுப்பும். இதயமும் தசையும் ஓட வேண்டுமே! எலும்பு வளைவது அதனால்தான்.

இப்போது 10 கிராம் சில்வண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொசுபரசு 30 மில்லிகிராம். ஒன்றரை மடங்கு கல்சியம் என்றால் 45 வேண்டும், இருப்பதோ 4. மீதி 41 மில்லிகிராமைத் தர, 40 சதவீதம் கல்சியம் கொண்ட கல்சியம் காபனேற்று 100 மில்லிகிராம் போதும். அது ஒரு சிட்டிகைகூட வராது. அவ்வளவு சிறிய அளவுதான் தேவை. அது விலங்கின் வாய்க்குள் போகிறதா என்பதே கேள்வி.

இங்கே சொல்வதெல்லாம் வீட்டில் இனம்பெருக்கப்பட்டு வரும் வெளிநாட்டு இனங்களுக்கு. உடும்பையோ நட்சத்திர ஆமையையோ பிடித்து வளர்ப்பது இலங்கையின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி குற்றம். அவற்றைக் காட்டிலேயே விட்டுவிடுங்கள்.

விரல் துடிக்கிறது, உடம்பு நடுங்குகிறது, பின்னங்கால் இழுபடுகிறது

இது மட்டும் வீட்டில் சரிபார்க்கும் விசயம் அல்ல. இரத்தத்தில் கல்சியம் அபாய மட்டத்துக்கு இறங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் இது. அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். ஊசிமூலம் கல்சியம் குளுக்கோனேற்று ஏற்றுவது அவர் வேலை. அளவு உடல் நிறையைப் பொறுத்தது, வேகம் கூடினால் இதயம் நின்றுவிடும். வீட்டில் முயலவே வேண்டாம். துடித்துக்கொண்டிருக்கும் விலங்கின் வாயில் கரைசல் ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும். அதையும் செய்யாதீர்கள்.

திருகோணமலையில் மிருக வைத்தியர்கள் அதிகம் பார்ப்பது மாடு, ஆடு, நாய். ஆகவே முதலில் தொலைபேசியில் கூப்பிட்டு ஊர்வன பார்ப்பார்களா என்று கேளுங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மிருக வைத்திய போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஆனால் அது கண்டிப் பக்கம். போய்ச் சேர அரை நாள் பிடிக்கும். அதனால் நோய் வருமுன்னரே யாரிடம் போவது என்று முடிவுசெய்து எண்ணைக் குறித்து வைத்திருப்பது நல்லது.

கொண்டுபோகும்போது சிறிய பிளாஸ்ரிக் பெட்டியில் மடித்த துவாய் விரித்து, மேலே துணி மூடி இருட்டாக்குங்கள். எலும்பு சுண்ணக்கட்டிபோல முறியும் நிலையில் இருக்கலாம். வாலைப் பிடித்தோ இடுப்பைப் பிடித்தோ தூக்கக்கூடாது, உள்ளங்கையை அடியில் விட்டு முழு உடம்பையும் ஏந்துங்கள். ஏசி பஸ்ஸில் என்றால் பெட்டியைக் காற்றுவாயிலிருந்து விலக்கி மடியில் வைத்திருங்கள். பாவித்த கல்சியம் டப்பாவையும், யூவிபி (புறஊதாக் கதிர்) விளக்கின் பெயரும் சதவீதமும் வாங்கிய மாதமும் எழுதிய துண்டையும் கூடவே எடுத்துச் செல்லுங்கள். வைத்தியர் கேட்கும் முதல் கேள்விகள் அவைதான்.

தாடை மென்மை, கால் வளைவு, முதுகில் மேடு, வால் கோணல்

நடுக்கம் இல்லை, சாப்பிடுகிறது, ஆனால் உருவம் மாறிவருகிறது என்றால் குறை பல வாரங்களாக நடந்துகொண்டிருக்கிறது. தொடைகள் உருண்டு 'கொழுத்த' மாதிரித் தெரிவதும் இதே நோய்தான். எலும்பு இளகும்போது உடம்பு அதைச் சுற்றி நார்த்திசுவைக் கட்டும்; பார்ப்பவர் நல்ல வளர்ச்சி என்று சந்தோசப்படுவார். எக்ஸ்ரே எடுத்தால்தான் எலும்பு எவ்வளவு மங்கியிருக்கிறது என்று தெரியும். வளைந்தது பிறகு நேராகாது. ஆனால் மேற்கொண்டு வளையாமல் நிறுத்தலாம். குட்டியென்றால் எலும்பு உறுதியாகிவிடும்.

இந்த அறிகுறிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது ஒளியை. குடலிலிருந்து கல்சியம் இரத்தத்துக்கு ஏற டி3 வேண்டும். டி3 தோலில் உருவாக 290 முதல் 315 நானோமீற்றர்வரையான யூவிபி கதிர் வேண்டும். கண்ணாடி இந்தக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். யன்னலோரம் வெயில் விழும் இடத்தில் வைத்த கண்ணாடித் தொட்டி, சூட்டை மட்டும் உள்ளே எடுத்து, தேவையான கதிரை வெளியே நிறுத்திவிடுகிறது. இரண்டு விதத்திலும் கேடு. சாதாரண எல்ஈடி, மீன்தொட்டி விளக்கு, நீலமாக மின்னும் அலங்கார ரியூப் எதிலும் யூவிபி இல்லை.

சரியான ரியூப்தான் இருக்கிறது என்றால், இந்த வரிசையில் பாருங்கள்.

1. வயது. ஒளி கண்ணுக்குப் பிரகாசமாகவே இருக்கும், யூவிபி மட்டும் தேய்ந்துபோயிருக்கும். தயாரிப்பைப் பொறுத்து 6 முதல் 12 மாதத்தில் மாற்ற வேண்டும். வாங்கிய திகதியை ரியூபின் முனையில் மார்க்கரால் எழுதிவிடுங்கள்.

2. இடையில் என்ன இருக்கிறது. நெருக்கமான கம்பிவலை கதிரில் மூன்றிலொரு பங்கையோ அதற்கும் மேலாகவோ விழுங்கும். பிளாஸ்ரிக் மூடி என்றால் அங்கேயே காரணம் முடிந்தது.

3. தூரம். 12 சதவீத ரி5 (மெல்லிய குழல்) ரியூப், பின்னால் ஒளித்தட்டுடன், பியர்டட் டிராகனின் முதுகிலிருந்து வலையில்லாமல் 30 முதல் 40 செ.மீ., வலையூடாக 25 முதல் 30 செ.மீ. என்பது பொதுவான தொடக்கம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தூரம் வேறாயிருந்தால் அதையே பின்பற்றுங்கள். லெப்பர்ட் கெக்கோ அந்திநேரத்து விலங்கு. அதற்கு 5, 6 சதவீத மென்மையான ரியூபே போதும், மறைவிடமும் கட்டாயம்.

4. சூடு. "எங்கட ஊர்ச் சூடே போதும்" என்பது இங்கே அடிக்கடி கேட்கும் பேச்சு. போதாது. அறை 31 பாகை இருக்கலாம். பியர்டட் டிராகன் வெயில்காயும் கல்லின் மேற்பரப்பு 38 முதல் 42 பாகை வேண்டும். லெப்பர்ட் கெக்கோவின் சூடான மறைவிடத்தின் தரை 31 முதல் 33. சூடில்லாமல் செரிமானமும் நடக்காது, தோலில் டி3 உருவாகும் கடைசிக் கட்டமும் முடியாது. மறுபக்கம், கச்சான் காற்று வீசும் மே முதல் ஓகஸ்ட்வரை தொட்டியின் குளிர்ப்பக்கமே 35ஐத் தொடலாம். அப்போது விலங்கு ஒளியைத் தவிர்த்து மறைவிலேயே கிடக்கும். விளக்கு எரிந்தும் பயன் இல்லை. இரண்டு வெப்பமானிகள், இரண்டு முனையிலும் ஒவ்வொன்று, இதற்குத்தான்.

வெயில் இங்கே இலவசம், விளக்கை விட வலிமையும் கூட. அதை ஏன் வீணாக்குவது? காலை 8 மணிக்கும் 9.30க்கும் இடையில் 20 முதல் 30 நிமிடம், கண்ணாடித் தொட்டியில் அல்லாமல் கம்பிவலைக் கூட்டில் வெளியே வையுங்கள். கூட்டின் பாதிக்குமேல் துணியால் நிழல், உள்ளே தண்ணீர்த் தட்டு, பக்கத்தில் ஓர் ஆள். காகமும் பூனையும் ஒரு நிமிடத்தில் காரியத்தை முடித்துவிடும். விலங்கு வாயைத் திறந்து மூச்சுவாங்கி நிழலுக்கும் போகாமல் நின்றால் உடனே உள்ளே எடுங்கள். தோலில் உருவாகும் டி3 அளவுமீறாது. மிகுதியானதை அதே கதிர் வேறு பயனற்ற பொருளாக மாற்றிவிடும். வாய்வழி டி3க்கு அந்தத் தடுப்பு கிடையாது, அதைப் பின்னால் பார்ப்போம்.

வெயிலை மட்டும் நம்பியிருப்பவர்கள் கவனிக்க வேண்டிய காலம் வாடைக்காலம். நவம்பர் முதல் ஜனவரிவரை நாட்கணக்கில் மழைமூட்டம் இருக்கும்போது டி3 வரவு வெகுவாகக் குறைந்துவிடும். தூள் வழக்கம்போலப் போய்க்கொண்டிருக்கும், ஆனால் குடலிலிருந்து சரியாக ஏறாது. அந்த மாதங்களுக்கு விளக்கு வேண்டும். இல்லாவிட்டால் டி3 கலந்த தூள் வேண்டும்.

தூள் தூவுகிறோம், ஆனால் தொட்டியின் அடியில்தான் கிடக்கிறது

பெரும்பாலான வீடுகளில் அடைப்பு இங்கேதான். சில்வண்டு தன் உடம்பைச் சுத்தம்செய்யும் பூச்சி. தூவிவிட்டு ஓரமாக விட்டால், சில மணி நேரத்தில் தூளின் பெரும்பகுதி காணாமல் போயிருக்கும். மீல்வேர்மின் தோல் வழவழப்பு. அதில் ஒட்டுவதே குறைவு. இதற்கு மருந்து இன்னும் அதிகத் தூள் அல்ல, தூவும் முறைதான்.

அந்த வேளைக்குத் தேவையான சில்வண்டுகளை மட்டும் ஓர் உயரமான பிளாஸ்ரிக் குவளையில் போடுங்கள். துள்ளுகின்றன என்றால் 5 நிமிடம் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். நெடுநேரம் வைத்தால் செத்துவிடும். ஒரு சிட்டிகைத் தூள் போட்டு, குவளையை 5 முதல் 10 விநாடி வட்டமாகச் சுழற்றுங்கள். உழுந்துமா தூவிய கையைப்போல மெல்லிய வெள்ளைப் பூச்சு தெரிந்தால் போதும். கண்ணும் வாயும் மூடும்படி வெள்ளைக் கட்டியாக்கினால் விலங்கு முகத்தைத் திருப்பும். உடனே கொடுங்கள், ஐந்தைந்தாகக் கொடுங்கள், தின்று முடித்தபின் அடுத்த ஐந்து. மீல்வேர்ம், சூப்பர்வேர்ம் என்றால் தூவுவதை விட வழவழப்பான செங்குத்துச் சுவருள்ள சிறு பாத்திரத்தின் அடியில் தூளைப் பரப்பி அதன்மேல் விடுங்கள். தின்னப்படும்வரை அவை தூளிலேயே புரண்டுகொண்டிருக்கும்.

தூளின் நயமும் முக்கியம். சொரசொரப்பான தூள் பூச்சியின் மேல் நிற்காது. இரண்டு விரலுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள்: முகப்பவுடர்போல வழுக்க வேண்டும், மணல்போல உரசக் கூடாது. கடற்கரை ஈரப்பதத்தில் திறந்த டப்பா இரண்டு வாரத்தில் கட்டிபட்டுவிடும். அது வெறும் கல்சியம் காபனேற்று என்றால் கெட்டுப்போகவில்லை. வெயிலில் காயவைத்து, இடித்து, மெல்லிய துணியில் சலித்தால் பழையபடி பாவிக்கலாம். டி3யோ விற்றமின் ஏயோ கலந்தது என்றால் எறிந்துவிடுங்கள். ஈரமும் சூடும் அந்த விற்றமின்களைச் சிதைக்கும். கட்டிபட்டதில் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. பெரிய டப்பா வாங்கினால் ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் சிறிய புட்டிக்கு மாற்றி, மிச்சத்தை இறுக்கி மூடிவையுங்கள். திறந்து 6 மாதமானால் புதிது வாங்குங்கள்.

கடையில் தூள் கிடைக்காத நாளுக்கு ஊரிலேயே இரண்டு நல்ல வழிகள் உண்டு. ஒன்று, உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஒதுங்கும் கணவாய் ஓடு. அது பெரும்பாலும் கல்சியம் காபனேற்றே. எண்ணெய்ப் படலமோ நாற்றமோ இல்லாததாகப் பொறுக்கி, இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி உப்பைப் போக்குங்கள். நன்றாகக் காய்ந்தபின் உள்பக்கத்து மென்மையான பகுதியை மட்டும் கத்தியால் சுரண்டி, இடித்து, மஸ்லின் துணியில் சலியுங்கள். மற்றது முட்டைக்கோது. கழுவி, உள்தோலை உரித்து, 10 நிமிடம் கொதிக்கவைத்து, காயவைத்து, மிக்சியில் மாவாக்கிச் சலித்தால் ஏறத்தாழ 38 சதவீதம் கல்சியம் உள்ள தூள் கிடைக்கும். இரண்டிலும் டி3 இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

பாவிக்கவே கூடாதவையும் இருக்கின்றன. வெற்றிலைச் சுண்ணாம்பு கல்சியம்தானே என்று தடவுவது மிக ஆபத்து. அது கல்சியம் ஐதரொட்சைட்டு. வாயையும் உணவுக்குழாயையும் சுட்டுவிடும். மாட்டுக்கும் கோழிக்கும் விற்கும் டைகல்சியம் பொசுபேற்றில் பொசுபரசும் சேர்ந்தே வரும். குறைக்க வேண்டியதையே கூட்டுவதாகும். தோட்டத்துக்கு வாங்கும் டோலமைற்றும் இதற்கல்ல. கிளினிக்கில் கொடுக்கும் கல்சியம் லக்டேற்று வில்லையைப் பொடித்துப் பாவிப்பதில் பிழை இல்லை, ஆனால் அதில் கல்சியம் 13 சதவீதமே. மேலே போட்ட 100 மில்லிகிராம் கணக்கு 300 ஆகிவிடும். அவ்வளவு தூளைப் பூச்சி சுமக்காது. மனிதருக்கான டி3 கலந்த வில்லையைத் தொடவே வேண்டாம்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? யூவிபி சரியாக இருக்கும் வீட்டில், வளரும் பியர்டட் டிராகனுக்கு டி3 இல்லாத கல்சியம் கிழமைக்கு 5 நாள், பலவிற்றமின் தூள் ஒரு நாள். பெரியதற்குக் கல்சியம் 2, 3 நாள், பலவிற்றமின் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. யூவிபி இல்லாமல் வளரும் லெப்பர்ட் கெக்கோவுக்குக் கிழமையில் இரண்டு வேளை டி3 கலந்த கல்சியம், மற்ற வேளைகளில் வெறும் கல்சியம். கல்சியத்தையும் பலவிற்றமினையும் ஒரே வேளையில் கலந்து தூவாமல் வெவ்வேறு நாளில் தூவினால், எது எவ்வளவு போகிறது என்பது கையில் இருக்கும்.

இரைப்பூச்சிகள் இரண்டு மூன்று நாளில் கொத்துக்கொத்தாகச் சாகின்றன

பூச்சியின் வயிற்றை நிரப்பித் தருவது தூவுவதைவிட உறுதியான வழி. வயிற்றில் இருப்பது உதிர்ந்து விழாது. ஆனால் அதற்கு வேண்டிய கல்சியம் மிக அதிகம்: தீனில் ஏறத்தாழ 8 சதவீதம். சந்தையில் வாங்கும் கரட் துண்டையும் ஒரு பிடி தவிட்டையும் போட்டுவிட்டு "நல்லாச் சாப்பாடு குடுத்திருக்கு" என்று சொல்வதில் அந்த அளவு வரவே வராது. அரிசித் தவிட்டில் பொசுபரசு கல்சியத்தைவிடப் பல மடங்கு. தவிட்டிலேயே வளர்ந்து தவிட்டோடு வாங்கிவந்த மீல்வேர்மை அப்படியே கொடுப்பது, குறையைக் கூட்டிக் கொடுப்பதற்குச் சமம்.

கோழித்தீன் கடையிலிருந்தே சரியான கலவை செய்யலாம். குஞ்சுத் தீனில் கல்சியம் 1 சதவீதம் அளவில் இருக்கும்: 82 கிராம் தீனுக்கு 18 கிராம் கல்சியம் காபனேற்று. முட்டைக்கோழித் தீனில் ஏற்கெனவே 4 சதவீதம் அளவில் உண்டு: 89 கிராமுக்கு 11 கிராம். இரண்டுமே 8 சதவீதத்தில் போய் நிற்கும். முட்டைக்கோதுத் தூள் என்றால் 11க்குப் பதில் 12 போடுங்கள். மருந்து கலக்காத தீனாகக் கேட்டு வாங்குங்கள். முக்கியமான இன்னொன்று: எல்லாவற்றையும் சேர்த்து மிக்சியில் மாவாக அரைக்க வேண்டும். முட்டைக்கோழித் தீனில் கல்சியம் கல்லுக்கல்லாகத்தான் கிடக்கும்; அரைக்காவிட்டால் பூச்சி தானியத்தைப் பொறுக்கித் தின்று கல்சியத்தை அடியில் விட்டுவிடும்.

இனி, ஏன் சாகின்றன? இந்தக் கலவை பூச்சிக்கு உணவல்ல, இரையாவதற்கு முந்திய கடைசிச் சாப்பாடு. 24 முதல் 48 மணி நேரம் கொடுக்கலாம். மூன்று நாளுக்குமேல் அதையே போட்டால் கல்சியம் அடைத்து அவையே சாகத் தொடங்கும். வளர்ப்புப் பெட்டிக்குச் சாதாரணக் குஞ்சுத் தீன். கொடுக்கப்போகும் கூட்டத்தை மட்டும் முந்தினநாள் வேறு பெட்டிக்கு மாற்றி இந்தக் கலவை. இரண்டையும் ஒன்றாக்கினால் சாவு நிச்சயம்.

நேரம் சரியாக இருந்தும் சாகின்றன என்றால் தண்ணீரைப் பாருங்கள். உலர்ந்த மாவைத் தண்ணீரில்லாமல் சில்வண்டு சரியாகத் தின்னாது, தின்றாலும் வற்றிவிடும். முருங்கை இலை ஒரு பிடி இதற்கு மிக நல்லது. தண்ணீரும் தரும், கல்சியமும் தரும், வேலியிலேயே இருக்கும். பூசணி, கரட், பப்பாசித் துண்டுகளும் சரி. பசளியையும் முளைக்கீரையையும் தினமும் போடாதீர்கள். அவற்றின் ஒட்சலேற்று கல்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எதுவானாலும் மாவின் மேல் வைக்காமல் தனி மூடியில் வையுங்கள். ஈரம்பட்ட மாவில் இந்த ஊர்ச் சூட்டுக்கு ஒரே இரவில் பூஞ்சணம் பிடிக்கும், அந்தப் பெட்டி முழுதும் போய்விடும்.

இன்னும் சாகின்றன என்றால் காற்று. பெட்டியைத் திறந்ததும் மூக்கை எரிக்கும் நெடி வந்தால் எச்சம் சேர்ந்து அமோனியா எழும்புகிறது. மூடியில் பெரிய துவாரம் வெட்டி உலோக வலை ஒட்டுங்கள், கடதாசி முட்டைத்தட்டை நிறுத்தி வையுங்கள், கிழமைக்கு ஒருமுறை அடியைச் சுத்தம் செய்யுங்கள். எறும்புக்குப் பெட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துவதே போதும். மருந்து அடித்தால் அது விலங்கின் வாய்க்குத்தான் போகும். மீல்வேர்மைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து வளர்ச்சியை நிறுத்திவைக்கலாம், ஆனால் குளிரில் இருக்கும் புழுவின் வயிறு வெறுமை. கொடுப்பதற்கு ஒரு நாள் முந்தி வெளியே எடுத்துக் கலவையில் போடுங்கள். சூப்பர்வேர்ம் குளிரில் செத்துப்போகும்.

பிஎஸ்எஃப் என்று கோழிக்கும் மீனுக்கும் வளர்க்கும் கறுப்பு ஈயின் புழு கிடைத்தால் விடாதீர்கள். கிராமுக்கு 9 மில்லிகிராம் அளவில் கல்சியம், 3.5 அளவில் பொசுபரசு. தூவாமலே சரியான விகிதம். தோல் தடிப்பானதால், மெல்லாமல் விழுங்கும் சிறு விலங்குகளில் முழுதாகவே வெளியேறும். அப்படிக் கண்டால் ஊசியால் ஓரிடத்தில் குத்திவிட்டுக் கொடுங்கள்.

தூள் போட்ட இரையைத் தொடவே மாட்டேன் என்கிறது

பெரும்பாலும் வெள்ளை அளவுக்குமீறிப் போயிருக்கும். இரண்டு நாள் தூளில்லாமல் கொடுத்து, பிறகு பத்தில் இரண்டு பூச்சிக்கு மட்டும் மெல்லத் தூவி, தூவாததுடன் மாற்றி மாற்றிக் கொடுத்துக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பலவிற்றமின் தூளின் மணமே பிடிக்காத விலங்குகளும் உண்டு. அதற்கு வேறு தயாரிப்பை மாற்றிப் பாருங்கள். அதையும் மறுத்தால் தூளைக் கைவிட்டு வயிற்று நிரப்பலையே நம்புங்கள், யூவிபியைத் திருத்தமாக வையுங்கள். எதையுமே தின்னவில்லை என்றால் அது தூள்பற்றிய பிரச்சினை அல்ல. முதலில் சூட்டை அளந்து பாருங்கள்.

கண் வீங்கியிருக்கிறது, தோல் விரல்நுனியில் உரியாமல் நிற்கிறது

கல்சியத்துக்கு மட்டும் கண்ணை வைத்திருப்பவர்கள் தவறவிடுவது விற்றமின் ஏ. இரைப்பூச்சிகளில் அது மிகக் குறைவு. இமைக்குள் உரிந்த தோல் தங்கி, கண் மூடி, இரையைப் பார்க்க முடியாமல் குறிதவறும். பலவிற்றமின் தூளின் சீட்டை வாசியுங்கள்: ரெட்டினோல் என்று இருக்கிறதா, பீற்றா கரோட்டீன் மட்டுமா? பூச்சியுண்ணிகள் சில பீற்றா கரோட்டீனை விற்றமினாக மாற்றுவதில் கெட்டிக்காரர்கள் அல்ல. அதற்காக மனிதருக்கான மீனெண்ணெய்க் குளிசையை வெட்டி ஊற்றாதீர்கள். விற்றமின் ஏ மிஞ்சினால் தோல் புண்ணாகிக் கழன்றுவிடும். ஈரப் பாசியோ ஈரத் துவாயோ வைத்த மறைவிடம் ஒன்று கொடுத்து, இமைக்குள் கட்டியாக ஏதும் தெரிந்தால் வைத்தியரிடம் எடுத்துப்போங்கள். ஊக்கு முனையால் கிளறிக் கண்ணை இழந்த விலங்குகள் உண்டு.

பெண் விலங்கு வயிறு பெருத்து, தோண்டித் தோண்டிச் சோர்ந்துவிட்டது

முட்டைக்கும் அதை வெளியே தள்ளும் தசைக்கும் கல்சியம் வேண்டும். குறைந்தால் முட்டை உள்ளேயே தங்கும். ஆண் இல்லாமலும் பெண் முட்டை இடலாம், ஆகவே "சோடி இல்லையே" என்று நினைக்க வேண்டாம். 15 முதல் 20 செ.மீ. ஆழத்துக்கு ஈரமணல் போட்ட பெட்டி வைத்து மறைப்புக் கொடுங்கள். ஒரு நாளுக்குமேல் முக்கிக்கொண்டிருந்தாலோ, தோண்டுவதை விட்டுப் படுத்துவிட்டாலோ வைத்தியரிடம் போக வேண்டிய நேரம். வயிற்றை அமுக்கக்கூடாது. முட்டையிடும் காலம் முழுதும் கல்சியத் தூவலைத் தினமும் ஆக்குங்கள்.

தூளைக் கூட்டியபின் பசியில்லை, மலம் இறுகியிருக்கிறது, சோர்வு

டி3 கலந்த தூளை ஒவ்வொரு வேளையும் தூவிவந்தீர்களா? அப்படியென்றால் குறை அல்ல, மிகுதி. வாய்வழி டி3 மிஞ்சினால் கல்சியம் சிறுநீரகத்திலும் இரத்தக்குழாய்ச் சுவரிலும் படியும். அது திரும்பிக் கரையாது. டி3 தூளை உடனே நிறுத்துங்கள், தண்ணீர் கிடைக்கச் செய்யுங்கள், இரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். டி3 தூவவில்லை என்றால் அடியில் விரித்திருப்பதைப் பாருங்கள். 'கல்சியம் மணல்' என்று விற்பதை விலங்கு நக்கி விழுங்கி, குடலில் கட்டியாகி அடைக்கும். அதை எடுத்துவிட்டுச் சமையல் துடைகடதாசி விரியுங்கள்.

மூட்டுகள் வீங்கி நடக்கச் சிரமப்படுகிறது, எலும்பு உறுதியாகத்தான் இருக்கிறது

இரைப்பூச்சிக்கு நாய், பூனைத் தீன் போட்டு வளர்த்தீர்களா என்று பாருங்கள். புரதம் மிஞ்சி, தண்ணீரும் குறைந்தால் யூரிக் அமிலம் மூட்டில் படிந்து கீல்வாதமாகும். மலத்தோடு வரும் வெள்ளைப் பகுதி காய்ந்து செம்மஞ்சளாக இருப்பது உடலில் தண்ணீர் இல்லை என்பதற்கான முன்னறிவிப்பு. கச்சான் மாதங்களில் இதைத் தினமும் கவனியுங்கள். பூச்சித் தீனைக் கோழிக்குஞ்சுத் தீனுக்கு மாற்றுங்கள்.

வெளியே பிடித்த பூச்சியைத் தின்றபின் வாயில் நுரை, தள்ளாட்டம்

மாரிக்காலத்து ஈசலும் வெட்டுக்கிளியும் நல்ல இரைதான், மருந்து படாவிட்டால். டெங்கு ஒழிப்புக்குப் புகையடித்த தெருவிலும், மரக்கறித் தோட்டத்து ஓரத்திலும், வீட்டுக்குள் ஓடும் கரப்பானிலும் பூச்சிமருந்து இருக்கும். மின்மினியை ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். சில இனங்களின் நஞ்சு ஒரு பியர்டட் டிராகனைக் கொல்லப் போதும். அறிகுறி கண்டால் தின்றது எது, எங்கே பிடித்தது என்று எழுதிக்கொண்டு, மிச்சப் பூச்சியையும் போத்தலில் அடைத்து எடுத்துக்கொண்டு உடனே வைத்தியரிடம் போங்கள்.